பத்துக் கோடியில் ஒரு சில்லு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் செல்போனில் வந்த ஒரு தொகையிலிருந்து பிறந்தது. நண்பர் ஒருவர் டிஜிட்டல் நாணயத்தில் டீக்காசு அனுப்பினார்: 0.00000040. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்து எண்ணினேன். புள்ளிக்குப் பின்னால் ஆறு சுழி, அப்புறம் ஒரு நாற்பது. இதை எந்த வாயால் படிப்பது? இந்தப் பொடிக்கு ஒரு பெயர் வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையா என்று எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்தால் கதை எழுதுவது என் கெட்ட பழக்கம்.

2.

முதல் தொடக்கம்: பழவங்காடி முக்கில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது ஜானவி தன்

சாயட்டும், நமக்கென்ன? கோடு போட்டு அடித்தாயிற்று.

இரண்டாவது: வெள்ளிக்கிழமையோடு ஜானவிக்கு வேலை போகிறது. இது தேவலை.

ஜானவி மலையாளம் பேசும் ஊரில், கோட்டைக்குள் அக்ரஹாரத்துத் தமிழ்ப் பெண். (முதலில் விஜயம் என்று வைத்திருந்தேன். அந்தப் பெயரில் ஒருத்தி ஆப் கம்பெனியில் இருப்பாள் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.) திரையில் வரும் வாசகங்களை எழுதுவது அவள் வேலை. அவர்கள் கம்பெனி நாணயம் ஒன்றைப் பத்துக் கோடியாக உடைத்தால் வருகிற துணுக்குக்கு, தமிழரும் மலையாளியும் சட்டென்று சொல்கிற மாதிரி ஒரு பெயர் வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர், ஜானவியும் நீதுவும். வெள்ளிக்கிழமைக்குள் யார் கொண்டுவரும் பெயர் தேறுகிறதோ அவருக்கு வேலை நிரந்தரம், மற்றவர் வீட்டுக்கு. ஜானவிக்கு இது மூன்றாவது கம்பெனி. இதுவும் போனால் அப்பா பார்த்து வைத்திருக்கிற பெங்களூர் வரனுக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

பழைய கணக்கில் எண்பதில் ஒரு பங்கு காணி, அதை யோசித்தாள். மலையாளத்தில் காணி வேடிக்கை பார்க்கிறவன். பிறகுதான் முந்திரி கிடைத்தது. அதே கணக்கில் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. எல்லோருக்கும் தெரிந்த சொல், சொன்னாலே பசிக்கும். ஆப்பில் படம் போடும் அனீஷிடம் போனில் பெயரைச் சொல்லி, படத்தோடு ஏற்றச் சொல்லிவிட்டு, ஆப்பைச் சோதிக்கக் கிளம்பினாள்.

3.

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் எதிரே தேங்காய் விற்கிற பேச்சி, தென்காசிப் பக்கத்துக்காரி. ஆப்பைப் பரிசோதிக்க ஒத்துக்கொண்ட ஒரே கடை அவளுடையது. ஜானவி ஒரு தேங்காய் வாங்கி, காசைப் போனிலேயே அனுப்பினாள். பேச்சியின் போன் மணியடித்தது.

"உங்களுக்கு 40 முந்திரி வந்திருக்கிறது." திரையில் அதன் பக்கத்தில் கொத்தாகப் பச்சைத் திராட்சை.

"என்ன மோளே இது? தேங்காய்க்கு முந்திரியா குடுக்க? படத்துல திராட்சைல்லா இருக்கு! நான் என்ன பாயசமா வைக்கப்போறேன்?"

ஜானவிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அனீஷைப் போனில் கூப்பிட்டுக் கத்தினாள்.

"முந்திரின்னு பறஞ்ஞா பின்னே இதல்லே?" என்றான் அவன்.

அவன்மேல் தப்பில்லை. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சைதான். ஜானவியோ பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள், மலையாளத்திலேயே படித்தவள். வீட்டுச் சொல் வந்து உட்கார்ந்ததும் பள்ளிக்கூடச் சொல்லைக் கோட்டை விட்டுவிட்டாள். அழுகை வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயி கண்ணக் கசக்குவாளா! அது எம்புட்டுப் பொடி, சொல்லு."

"பத்துக் கோடில ஒண்ணு, அக்கா."

பேச்சி எதிரே கை காட்டினாள். நேர்ந்துகொண்ட யாரோ தேங்காயை ஓங்கி எறிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். "எறியும்போது ஒரு தேங்கா. செதறினா எத்தன சில்லு, பாத்தியா? சில்லுன்னே வையேன். இத யோசிக்கவா ஒரு ஆபீசு?"

சில்லு. மலையாளிக்குக் கண்ணாடி, தமிழருக்குத் தேங்காய்த் துண்டு. யாருக்கும் குழப்பமில்லை, சில்லறைக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஜானவி பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"எம் பேரப் போடுவியா மோளே?"

"கண்டிப்பா, அக்கா."

4.

மேலாளர் வெங்கிடேஷுக்குப் பிடித்துவிட்டது. "அசத்திட்டேள் ஜானவி! ஃபார்மை அனுப்பிடுங்கோ."

ஃபார்மில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் சில்லு என்று அடித்தாள். இரண்டாவது, பரிந்துரைத்தவர். வெளியாள் பெயரைப் போட்டால் செல்லாது என்று கீழே போட்டிருந்தது. அப்படியானால் நீதுவின் "துளி" ஜெயிக்கும்.

முடிவு அ: ஜானவி என்று அடிக்கிறாள். வேலை நிரந்தரம். அன்றிலிருந்து பழவங்காடி வழியாக நடப்பதில்லை, சுற்றிப் போகிறாள்.

முடிவு ஆ: பேச்சி என்று அடிக்கிறாள். வேலை போகிறது. சில்லும் போகிறது.

(எந்த முடிவிலும் பேச்சிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கவனித்தீர்களா? நான் இப்போதுதான் கவனித்தேன்.)

5.

முதல் பகுதியில் சொன்னது பொய். டீக்காசு அனுப்பும் நண்பர் எவரும் எனக்கில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, பழவங்காடியில் தேங்காய் வாங்கும்போது, எங்கோ படித்த இந்த ஆறு சுழி விஷயத்தைச் சும்மா உளறினேன். "சில்லுன்னு சொல்லுங்களேன் அண்ணாச்சி" என்றாள் தேங்காய்க்காரி. அடடா, இதைக் கதையாக எழுதப்போகிறேன் என்றேன். "எம் பேரு வருமா?" என்று கேட்டாள்.

வரும் என்றேன். என்ன பெயர் என்று கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். பேச்சி நான் வைத்த பெயர். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜானவிக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு தேங்காய் வாங்குங்கள். பெயரைக் கேட்டு இங்கே எழுதிவிடுங்கள்.

பரிந்துரைத்தவர்: ______________