வெர்ன் கடையின் பின்னறை

1.

இந்தக் கதை பிறந்ததே நான் வாங்கிய ஒரு திட்டில்தான். திட்டியவர் மார்லிஸ் ஹவுடலா. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவருக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. துப்பாக்கிச் சாவுகளைத் தடுக்கலாம் என்று அவர் ஊர் ஊராகப் பேசி வருவதைக் கதையாக்க ஆசைப்பட்டு, முதல் வரியை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்:

தம்பி தன்னைச் சுட்டுக்கொண்ட செய்தி வந்த அன்று மார்லிஸ் –

"நிறுத்து. எனக்கு ஏது தம்பி?"

"கதைக்காகத்தான். இல்லாட்டி நீங்க ஏன் இவ்வளவு பாடுபடுறீங்கன்னு படிக்கிறவங்களுக்குப் புரியாது."

"வீட்ல ஒரு சாவு விழுந்தாதான் அக்கறை வரணுமா? அடி அதை."

அடித்துவிட்டேன். (அடித்த வரியை மேலேயே விட்டிருக்கிறேன். என் புத்தி எங்கே போனது என்று நீங்களும் பார்க்கவேண்டும்.)

2.

சட்டமன்றக் குவிமாடத்தின் மேல் வெயில் பொன்னாய் – வேண்டாம். உண்மையில் எல்லாம் தொடங்கியது எங்கள் ஊர்க் கடைத்தெருவில்.

துப்பாக்கி வன்முறைக்கு எதிராக ஜூனில் நாடெங்கும் ஆரஞ்சு நிறம் உடுத்துவார்கள். எங்கள் பக்கத்தில் ஆரஞ்சு என்றால் நவம்பர் மான் வேட்டை. காட்டில் ஒருவரை ஒருவர் தவறிச் சுட்டுவிடக் கூடாதென்று எல்லோரும் போடுவது. மார்லிஸ் தன் வேட்டைச் சட்டையையே மாட்டிக்கொண்டு, விசையை இழுக்கமுடியாதபடி மாட்டிவைக்கும் துப்பாக்கிப் பூட்டுகள் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு ஜூன் ஊர்வலத்தில் நடந்தார்.

தூண்டிலும் துப்பாக்கியும் விற்கும் வெர்ன் கோஸ்கெலா கடைவாசலிலிருந்து கத்தினார்: "என்ன மார்லிஸ், மான் சீசன் மாறிடுச்சா? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லியே!"

"மாறல வெர்ன். உன்னை மாதிரி குறி தப்புறவனுங்க வருஷம் பூரா சுத்துறீங்களே, அதான் ஒரு பாதுகாப்புக்கு!"

தெரு வயிறு குலுங்கச் சிரித்தது. பூட்டை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றே பேர்.

3.

(இந்த இடத்தில் வெர்னை வில்லனாக்கப் பார்த்தேன். அவர் பிடி கொடுக்கவில்லை.)

மறுநாள் மார்லிஸ் பெட்டியோடு அவர் கடைக்கே போனார்.

"உன் அரசியலை வாசலோட விட்டுட்டு வா," என்றார் வெர்ன்.

"பெட்டியில என் பேரும் இல்ல, கட்சி பேரும் இல்ல. ஓரமா இருக்கட்டும். இன்னொண்ணு கேக்கணும். பின்னறையில இரும்புப் பெட்டகம் வச்சிருக்கல்ல? மனசு சரியில்லாதவங்க யாராச்சும், கொஞ்ச நாள் வச்சுக்கன்னு துப்பாக்கியைக் கொண்டாந்தா வாங்கி வைப்பியா?"

வெர்ன் தூண்டில் இரைக்கு விற்கும் மீன்குஞ்சுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் கேட்டாரு. நாளைக்கு ஏதாவதுன்னா வழக்கு என் தலையில விடியும்னு, முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. மார்லிஸும் கேட்கவில்லை. [நானும் கற்பனை செய்யப்போவதில்லை.]

"உன் தலையில விடியாம சட்டம் கொண்டாந்தா?"

"கொண்டா, பாப்போம்."

4.

இரண்டு வருடம் மார்லிஸின் மசோதா சட்டமன்றக் குழுவிலேயே செத்தது. "ஹவுடலாவின் துப்பாக்கி விடுதி" என்று சக உறுப்பினர்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் வருடம் மார்லிஸ் சாட்சி சொல்ல வெர்னை அழைத்துப்போனார். யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கிய டை கழுத்தை இறுக்க, அவர் பேசியது இவ்வளவுதான்:

"நான் துப்பாக்கி விக்கிறவன். இன்னமும் விப்பேன். ஒருத்தர் கேட்டா வாங்கி வைக்கிற உரிமையும் எனக்கு வேணும். முடியாதுன்னு ஒரு தடவை சொன்னதே போதும்."

ஒன்பதுக்கு எட்டு வாக்கில் குழு மசோதாவை ஏற்றது.

மார்லிஸ் படிக்கட்டில் நின்று கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தேன். பொய். ஊர் வந்து சேரும் நாலு மணி நேரமும், எந்த ஏரியில் மீன் பெரிது என்று அவர் வெர்னோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தார். பின் இருக்கையில் எனக்குத்தான் நெஞ்சு நிமிர்ந்து போயிருந்தது. மே மாதம் அது சட்டமானது.

5.

அடுத்த பிப்ரவரியில், கம்பளியில் சுற்றிய துப்பாக்கியோடு ஒருவர் கடைக்குள் வந்தார். மனைவியை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவரை ஆர்விட் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை வெர்ன் மார்லிஸிடம்கூடச் சொல்லவில்லை.

"இது என் வீட்ல இருக்க வேணாம், வெர்ன்."

வெர்ன் வாங்கிப் பூட்டினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காப்பி மட்டும் ஊற்றிக் கொடுத்தார்.

நவம்பரில் ஆர்விட் திரும்பி வந்தார். வேட்டைக்குப் போகவேண்டுமாம். தனியாகவாம். வெர்ன் பின்னறைக்குப் போய் மார்லிஸுக்குப் போன் போட்டார்.

"கேக்குறாரு. என்ன பண்ண?"

"திருப்பிக் கொடுத்தா உன் மேல வழக்கு வராதுன்னுதான் சட்டம் சொல்லுது. எப்ப கொடுக்கணும்னு அதுக்குத் தெரியாது. அவர் மூஞ்சியப் பாத்தவன் நீதான். உனக்கு என்ன தோணுது?"

வெர்ன் போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். "சனிக்கிழமை நானும் வர்றேன். உன் துப்பாக்கி என் வண்டியில வரும்."

ஆர்விட் யோசித்தார். "ராத்திரி காட்டுல தங்கணும். நீ குறட்டை விடுவியே."

"விடுவேன்."

"சரி, வா."

6.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் காடு அதிர்ந்தது. ஒன்றில் ஆர்விட் மேடையேறி நன்றி சொன்னார். மூன்றாவது நினைவில்லை, அவ்வளவு மோசம்.

நடந்தது இது. திங்கட்கிழமை காலை வெர்னிடமிருந்து போன் வந்தது. மார்லிஸ் எடுத்தார், கேட்டார், வைத்தார். பிறகு மூன்று பேர் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் எழுந்து நின்று, தேர்தலில் ஜெயித்த அன்றுகூட இல்லாத குரலில் அறிவித்தார்:

"ஒண்ணும் நடக்கலியாம்!"

நாங்கள் கை தட்டினோம்.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏதாவது நடந்தே ஆகவேண்டும் என்பவர்கள் மேலே எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: ஆர்விட் இனி உங்கள் பொறுப்பு. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.