பூந்திக்கு ஒரு கட்டு

நமச்சிவாயம் பிள்ளை பாலில் பிசைந்த இட்லியை விரல்நுனியில் எடுத்து நீட்டினார். பூந்தி ஆசையாக ஓடிவந்து முகர்ந்தது, வாயைத் திறந்தது, மென்று பார்த்தது. இட்லி அப்படியே மோவாயில் வழிந்தது. "என்னட்டி, இட்லியும் பிடிக்கலையோ?" என்றார். பூந்தி அட்டைப்பெட்டியின் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. கையில் தூக்கியபோதுதான் அவருக்குத் திக்கென்றது. மயிருக்கு அடியில் வெறும் எலும்பு.

பூந்தி ஒரு கினிப்பன்றி. பேரில்தான் பன்றி, பார்த்தால் வாலில்லாத பெரிய எலி. பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த மகள் சித்ரலேகா, ஆய்வுக்கூடத்தில் மிஞ்சிய குட்டி என்று தாவணியில் பொதிந்து கொண்டுவந்தாள். சைவப்பிள்ளை வீட்டுக்குள் பெருச்சாளியா என்று இவர் இரண்டு வேளை சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தார். யார் கண்டுகொண்டார்கள்? அவள் கல்யாணமாகி நாக்பூருக்குப் போனபிறகு பூந்தியை அவர் மனைவி பிரம்மநாயகி பார்த்துக்கொண்டாள். போன ஐப்பசியில், மார் வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே அவளும் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் வீட்டில் இரண்டே வாய்கள். மெஸ்ஸிலிருந்து வரும் தூக்குச்சட்டியில் இவருக்குப் பாதி, அதற்குப் பாதி.

கால்நடை ஆஸ்பத்திரியில் சினைமாடுகளுக்கு நடுவே, துண்டில் சுற்றிய பூந்தியோடு கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். டாக்டரம்மா பூந்தியின் வாயை விரித்துப் பார்த்தார். முன்பல் இரண்டும் வளைந்து நீண்டு, வாய் மூட முடியாமல் கிடந்தது.

"என்ன போடுதீங்க இதுக்கு?"

"இட்லி, தயிர்சோறு, பால்ல நனைச்ச ரொட்டி. பிள்ளை மாதிரிதான் வச்சிருக்கேன்," என்றார் பெருமையாக.

"புல்லு?"

"புல்லா?"

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இதற்குப் பல் சாகிறவரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும் என்றார். பல்லை வெட்டிவிட்டு, வாய்ப்புண் ஆறும்வரை புல்லை அரைத்து ஊட்டச் சொல்லி, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்தார். எடை ஏறினால் பிழைக்கும், இறங்கினால் சொல்ல முடியாது.

அருகம்புல்லுக்குத் தெருமுனைப் பூக்காரி செல்லக்கிளியிடம் போனார். அவள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா தெனமும் ரெண்டு கட்டுல்லா வாங்குவாவ. பிள்ளையாருக்கு ஒண்ணு, எலிப்பிள்ளைக்கு ஒண்ணு. வருசம் திரும்புத வரைக்கும் சாமிக்குப் பூவும் வேண்டாம், புல்லும் வேண்டாம்னு நீங்கதான சொன்னிய?"

சொன்னது அவர்தான். பிள்ளையாரோடு சேர்த்து இதையும் பட்டினி போட்டிருக்கிறார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த இரண்டாவது கட்டு அவர் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல சித்ரலேகா போன் செய்தாள். அப்பாவும் மகளும் போனில் பேசி அறியாதவர்கள். முன்பெல்லாம் மணி அடித்தால் இவர்தான் எடுப்பார். "சாப்ட்டியா? மாப்ள சௌக்கியமா? இந்தா, அம்மாட்ட குடுக்கேன்." அவ்வளவுதான் அவர் பங்கு. கொடுக்க ஆளில்லாமல் போனபிறகு முதல் இரண்டு கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம், "சரிப்பா, வைக்கேன்." அன்றைக்கு இவர், "பூந்திக்குத்தான் முடியல," என்றார். அங்கே அழுகைச் சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலையில், கட்டணம் குறைந்த நேரத்தில், போன் வந்தது. "எப்பா, வாயோரமா குடுங்க, நடுவுல குடுத்தா புரை ஏறிரும். பையப் பையக் குடுங்க." மிக்ஸியில் அரைத்த புல்லோடு கொய்யாப்பழம் சேர்க்கலாமா என்று இவர் கேட்பார். பூந்தியில் தொடங்கி நாக்பூர் வெயிலுக்குப் போவார்கள். "நீங்க என்ன சாப்ட்டீங்க?" என்பாள். இரண்டாவது கட்டைப் பற்றி இவர் சொன்னபோது, "எங்கிட்டகூட அம்மா சொன்னதில்லப்பா," என்றாள். போனை வைத்த பிறகும் அவருக்கு அன்றைக்கெல்லாம் வீட்டில் யாரோ இருப்பது போலிருந்தது.

மளிகைக்கடைத் தராசில் எலியை வைக்க விடுவார்களா? பழைய பேப்பர் கடை முகம்மது மைதீன்தான் வாரம் ஒருதரம் பூந்தியைத் துணிப்பையில் போட்டு நிறுத்துக் கொடுத்தான். முதலில் அரைக் கிலோ கல்லுக்கே தட்டு அசையவில்லை. பிறகு கல்லோடு கல்லாக நின்றது. பிறகு கூடவே கால் கிலோ கல்லையும் வைக்கவேண்டி வந்தது.

"அண்ணாச்சி, நல்லாத் தேறிட்டு. இனிமே கொண்டாராண்டாம்," என்று சிரித்தான் மைதீன்.

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைப்பு. பூந்தி தேறிவிட்டால் மறுபடி ஞாயிற்றுக்கிழமைதான். மறுபடி மாப்ள சௌக்கியமா, மறுபடி மூச்சுச் சத்தம். மறுநாள் போனில் எடையைப் பற்றி அவள் கேட்டபோது, "ஏற மாட்டேங்கும்மா. அப்படியேதான் இருக்கு," என்றார். கருவூலத்தில் முப்பது வருஷம் ஒரு பொய்க்கணக்கு எழுதாத மனுஷன் கூசாமல் சொன்னார். அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னார்.

"லீவு கேட்டிருக்கேன்பா. நானே வந்து பாக்கட்டா?"

"அங்கேருந்து எதுக்கும்மா அலைச்சல்," என்றார். வா தாயே, வா என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

மறுநாள் செல்லக்கிளி விடியுமுன்பே வந்து, பாலிதீன் பையில் அம்மா வாங்கிய வழக்கப்படியே இரண்டு கட்டுப் புல்லை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். போன் மணி அடித்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "அப்படியேதான் இருக்கும்மா," என்றபடி பையை எடுத்தார். பை சரசரத்தது. அவ்வளவுதான், அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து பூந்தி வீடு அதிர விசிலடித்தது. நிறுத்தவே இல்லை. பிரம்மநாயகி இருந்த காலத்தில் அடித்த அதே விசில். முடியாமல் கிடந்த நாட்களில் அதற்குக் குரலே எழுந்ததில்லை.

நாக்பூர் வரைக்கும் அது கேட்டுவிட்டது.

"எப்பா, பூந்திதான?"

இவர் சரசரத்த பையைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான இருக்கு? பின்ன ஏன்பா ஏற மாட்டேங்குன்னு சொன்னீங்க?"

கோபமா, அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. நீ போன் பண்ண மாட்டியோன்னு பயந்துட்டேம்மா என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. வாயில் வந்தது வேறு, வருஷக்கணக்காகப் பழகிய ஒன்று.

"இந்தா, அதுட்ட குடுக்கேன்."

ஒரு கட்டைப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டு, வயரை இழுத்து, ரிசீவரைப் புல் பக்கத்தில் வைத்தார். விசில் நின்று, கறுக் கறுக்கென்று அரைக்கும் சத்தம் தொடங்கியது. ரிசீவருக்குள் யாரும் பேசவில்லை. லைனும் கட்டாகவில்லை. முதல் கட்டு சீக்கிரமே தீர்ந்துபோனது. நமச்சிவாயம் பிள்ளை தரையில் சம்மணமிட்டு, பிள்ளையாருக்கான கட்டைப் பிரித்தார். அதிலிருந்து ஒரு புல்லை உருவி நீட்டினார். அது தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த ஒரு புல்லை உருவினார்.