லூடியின் காட்டுக்கு வர மறுத்த நெருப்பு

ஹோய்ட் ஸ்ட்ரிக்லண்ட் கல்யாணம் செய்துகொண்ட வருஷம், அவன் அக்கா லூடியின் காட்டில் எரிய மாட்டேன் என்று நெருப்பு மறுத்துவிட்டது. அதே வருஷம்தான் தேவாலயத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள். டீசல் விலை ஏறியது. வேர்க்கடலை சுமாராக விளைந்தது.

தெற்கு ஜார்ஜியாவின் அந்தப் பக்கத்தில் பைன் காட்டுக்குத் தீ வைப்பது, வீட்டைப் பெருக்குகிற மாதிரி ஒரு வேலை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தரையை எரித்துவிட வேண்டும். விட்டால் ஓக் புதர் மண்டி, புல் செத்து, காடைகள் வேறிடம் பார்க்கப் போய்விடும். அந்த வேலையில் லூடியை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் தீ வைக்க அவளைக் கூப்பிடுவார்கள். முதலில் காற்றுக்கு எதிராக வைத்து, ஓரமெல்லாம் கருக்கி, நெருப்பு தாண்டிவிடாதபடி அகலமாக ஒரு கரிப்பட்டை எடுத்த பிறகுதான் தீயைக் காற்றோடு ஓடவிடுவாள். மரங்கொத்தி கூடு வைத்திருக்கும் மரம் என்றால், அதன் அடியில் உதிர்ந்த ஊசியிலையை வாரி ஒதுக்கிவிட்டுத்தான் எரிகிற டீசலைச் சொட்டவிடும் டார்ச்சைக் கையில் எடுப்பாள். நெருப்பு அவள் பூட்ஸ் உயரத்துக்கு மேல் எழும்பியதே இல்லை.

ஹோய்ட்டின் மனைவி கோரின் டவுனில் பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள். நெருப்பென்றால் அவளுக்கு அடுப்பு மட்டும்தான். கல்யாணமான பிப்ரவரியில் வேடிக்கை பார்க்க வந்து, ஓரமாக, வெள்ளை ஷூவோடு நின்றாள். லூடி வைத்த நெருப்பு பாதி எரிந்தபோது தலையைத் தூக்கியது. வரிசையை விட்டு விலகி, புல்லின் மேல் நடந்து வந்து, கோரினின் ஷூவருகே சுருண்டு படுத்துக்கொண்டது. கோரின் குனிந்து, "அய்யோ, பாவம்" என்றாள். லூடியின் காதில் அது விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நெருப்பு அவள் காலடியில் படுத்திருக்கிறதா?

அப்பா காட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் உழுத மணல் கோடு ஒன்றைப் போட்டுவிட்டுச் செத்திருந்தார். கிழக்கு லூடிக்கு, மேற்கு ஹோய்ட்டுக்கு. அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு லூடி தன் பக்கத்தில் டார்ச்சைச் சொட்டவிட்டால், நெருப்பு எழுந்து உட்காரும், மோப்பம் பிடிக்கும், மணலைத் தாண்டி மேற்கே போய் அங்கே ஒழுங்காக எரியும். டீசலில் பெட்ரோலைக் கூட்டிக் கலந்து பார்த்தாள். பாதிரியாரைக் கூட்டி வந்து ஜெபம் செய்யச் சொன்னாள். ஒன்றும் பலிக்கவில்லை. வருஷங்கள் போயின. ஹோய்ட்டின் பக்கம், தரை எரிந்தால்தான் பூக்கும் கம்பிப் புல் பூத்தது. லூடியின் பக்கம் புதர் இடுப்பளவு, பிறகு தோளளவு வளர்ந்தது. காடைகள் மேற்கே போயின. ஆமைகள் குடும்பம் குடும்பமாக மணலைக் கடந்தன. கடைசி ஆமை நடுவழியில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்ததைத்தான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. மரங்கொத்தி ஜோடி ஒன்று மட்டும் மிச்சம். இன்னொரு வருஷம் எரியாவிட்டால் அதுவும் போய்விடும், அப்பாவின் காடு வெறும் புதராகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கோரினிடம் போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்பதும் தெரியும். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை.

"லூடி அக்கா காட்டுல எரியாததெல்லாம் அக்கா வயித்துல எரியுதாம்ல" என்றான் கடைக்காரன் பர்ட்டிஸ், அவள் காதுபடவே.

"உன் கடையில வைக்கிறேன், எரியுதான்னு பாரு" என்றாள் லூடி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு மதியம் காற்று பேயாக அடித்தது. யாருக்கும் தீ வைக்க அனுமதி கிடையாது என்று வனத்துறை சொல்லியிருந்த நாள். லூடி டார்ச்சோடு மணலைத் தாண்டி மேற்கே போனாள். ஓரம் கருக்கவில்லை. கரிப்பட்டை எடுக்கவில்லை. காற்றோடு சேர்த்தே கொளுத்தினாள். கோரினின் செல்லம் வெறி பிடித்து ஓடுவதை ஊரே பார்க்கட்டும். நெருப்பு பனையளவு எழும்பியது. அப்போதுதான், அந்த மரங்களும் அப்பா வளர்த்தவைதான் என்பது லூடிக்கு உறைத்தது. டார்ச் கையிலிருந்து நழுவியது.

நெருப்பு ஒரு மரத்தையும் தொடவில்லை. நேராகக் கோரினின் வீட்டுக்கு ஓடி, துணிக்கொடிக்கு அடியில் முட்டிபோட்டு உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் கோரின் அதைப் பின்னால் நடத்திக்கொண்டு லூடியின் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணி, இது உங்களோடது. உங்க டீசல் வாசனை வருது. பிடிங்க."

"எனக்கு எதுக்கு? நீயே வச்சுக் கொஞ்சு."

"யாருக்கு வேணும் இது? படிக்கட்டுக்கு அடியிலயே படுத்துக் கெடக்கு. ஒரு துணி காயப்போட முடியல, எல்லாம் கரி. உங்க தம்பி இருமியே சாகப் போறாரு. நானா இதைக் கூப்பிட்டேன்?"

லூடி புதரைப் பார்த்தாள். பிறகு நெருப்பைப் பார்த்தாள். அது கோரினையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காத்து அடங்கிடும்" என்றாள் சுவரிடம் சொல்வது போல. "காலையில போன் போட்டு அனுமதி வாங்கிடுவேன். வர்றதுன்னா வா."

கோரின் மடக்கு நாற்காலியோடும் அவித்த கடலையோடும் வந்து, மணல் கோட்டில் உட்கார்ந்தாள். லூடி காற்றுக்கு எதிராக வைத்தாள். நெருப்பு எழுந்து, வழக்கம் போல நாற்காலியை நோக்கி நடந்தது. லூடிக்குப் பொறுக்கவில்லை.

"ஏய், உன் மூஞ்சிய எனக்குக் காட்டாத! அந்தப் பக்கம் திரும்பி உட்காரு!"

கோரின் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். நெருப்பு நின்றது. கோரினின் முகத்தைக் காணோம். இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கரி படிந்த சட்டையோடு லூடி நிற்பதை இப்போதுதான் முதல் தடவையாகக் கவனித்தது போலிருந்தது. வேறு வழியில்லாமல் எரிய ஆரம்பித்தது. ஓரம் கருகியது, கரிப்பட்டை அகன்றது, புதர் படபடத்து விழுந்தது. வாரி ஒதுக்கிய வட்டத்துக்குள் மரங்கொத்தி மரம் பத்திரமாக நின்றது.

இரண்டு மாதத்தில் கம்பிப் புல் பூத்தது. ஆமைகள் திரும்பின, ஒரு விளக்கமும் சொல்லாமல். இப்போதெல்லாம் லூடி அனுமதிக்குப் போன் போட்டால், வனத்துறைப் பெண் காற்று எப்படி, ஈரம் எவ்வளவு, எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிட்டு, "கோரின் திரும்பி உட்கார்ந்திருப்பாங்கள்ல?" என்றும் கேட்கிறாள். உட்கார்ந்திருப்பாள் என்றால்தான் அனுமதி.

வேலை முடிந்ததும் நெருப்பு மணலைத் தாண்டிப் போய் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். லூடி டார்ச்சைத் துடைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில், நன்றி என்று சொல்ல வேண்டிய இடத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு கத்துவாள்:

"கடலைத் தோலை என் பக்கம் போடாதடி!"