மங்கலம் பார்க்காத ஓட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, ஆனி மாதம். விடிவதற்குச் சற்று முன்னால்தான் மழை ஓய்ந்திருந்தது. பாளையத்திலிருந்து சங்குமுகம் கடற்கரை வரை ஓடிவிட்டு ஏழு பேர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சாக்கை தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில், எல்லோருக்கும் முன்னால் போன பூதலிங்கத்தின் இடது குதிகாலுக்கு மேலே யாரோ கல்லால் எறிந்ததுபோல் இருந்தது. காய்ந்த தென்னை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. அவன் நின்று திரும்பிப் பார்த்தான்.

"யாருடே கல்லெறிஞ்சது?"

இரண்டடி பின்னால் வந்த தங்கப்பன் மூச்சு வாங்க நின்றான். "ஆரும் எறியல்லியே அண்ணாச்சி."

பூதலிங்கம் அடுத்த அடியை எடுத்து வைத்தான். பாதம் தரையில் பட்டது. உந்தி எழுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. நாஞ்சில் நாட்டில் பூதப்பாண்டிக்காரன். திருவனந்தபுரத்தில் மராமத்து ஆபீஸில் குமாஸ்தா. பகலெல்லாம் பாலங்களையும் மதகுகளையும் பற்றிய காகிதங்களைப் பிரதி எடுப்பான். காலையில் ஓடுவான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த சுவாமிதாஸ், ஓட ஆசையுள்ள பத்துப் பேரைச் சேர்த்து ஒரு கிளப் வைத்திருந்தார். தையற்காரர் ஒருவர், காலேஜ் மாணவர்கள் மூன்று பேர், தந்தி ஆபீஸில் வேலை பார்க்கும் தங்கப்பன் என்று பலவகை ஆட்கள். மூன்று மைல் ஓட்டத்தில் பூதலிங்கத்தை முந்த அந்த ஊரில் யாரும் இல்லை. அவனுக்கு அடுத்தவன் தங்கப்பன். அவனை விட நான்கு வயது இளையவன். ஒவ்வொரு நாளும் பூதலிங்கத்தின் முதுகைப் பார்த்தே ஓடி ஓடி ஓட்டம் படித்தவன். திருக்கொச்சி ராஜ்யப் போட்டி மார்கழியில் நடப்பதாக இருந்தது. அதில் ஜெயித்தால் அகில இந்தியப் போட்டிக்கு டெல்லி போகலாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குதிகாலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. கயிறு போல் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். எட்டு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று டாக்டர், "நடக்கலாம். ஆபீஸுக்குப் போகலாம். ஓட்டத்தை மட்டும் மறந்துவிட வேண்டியதுதான்" என்றார். அவர் அதைத் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று மொழியும் கலந்து சொன்னார், புரியாமல் போய்விடக் கூடாது என்பதைப் போல. பூதலிங்கம் குனிந்து தன் இடது கெண்டைக்காலைப் பார்த்தான். அது வேறு யாருடையதோ மாதிரி சூம்பிப் போயிருந்தது.

கல்யாணம் முன்பே பேசி முடித்தாயிற்று. தாழக்குடிப் பெண், பெயர் மங்கலம். கால் விஷயத்தைப் பெண் வீட்டில் சொல்ல வேண்டாம் என்றாள் பூதலிங்கத்தின் அம்மா. "வழுக்கி விழுந்தாம்னு சொன்னாப் போரும். ஓடுனான், நரம்பு அந்து போச்சுன்னு சொன்னா, இவன் எதுக்கு ஓடுனாம்னுல்லா கேப்பாங்க?" அவனுக்கு மனம் ஒப்பவில்லை. தானே உட்கார்ந்து பெண்ணின் அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினான். ஓடும்போது கால் நரம்பு அறுந்துவிட்டது, இனி நடையில் சிறிது தாங்கல் இருக்கும், யோசித்துச் சொல்லவும். பத்து நாளில் பதில் வந்தது. "மாப்பிள்ளை ஓடுகிறவர் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும். பெண்ணிடம் கேட்டோம். நடந்து வந்தால் போதும் என்கிறாள்."

அந்தக் கடைசி வரியை அவன் பலமுறை படித்தான்.

புரட்டாசி பிறக்கும் முன் கல்யாணம் நடந்தது. பேட்டையில் அவன் ஏற்கெனவே வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டுக்கு மங்கலம் வந்து சேர்ந்தாள். சங்குமுகம் போகிற ரோட்டின் ஓரத்திலேயே வீடு. கிளப் ஓடுகிற பாதை என்பதற்காகவே அவன் அந்த வீட்டை எடுத்திருந்தான். அந்தக் காரணமே இப்போது பாடாய்ப் படுத்தியது. தினமும் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம் வரும். முதலில் தூறல் மாதிரி, பிறகு தெளிவாக. எந்தக் காலடி யாருடையது என்று படுத்தபடியே அவனுக்குத் தெரியும். தையற்காரரின் வலது பாதம் தரையில் இழுபடும். தங்கப்பன் இப்போது முன்னால் ஓடினான். அவன் அடி இன்னும் கொஞ்சம் கனம். வளைவு திரும்பிச் சத்தம் தேய்ந்து போன பிறகும் பூதலிங்கம் கண்ணைத் திறக்காமல் கிடப்பான்.

ஒரு நாள் மங்கலம் கேட்டாள், "அவங்க போகையில உங்க காலு ரெண்டும் அனங்குகே, தெரியுமா?"

"என்னது?"

"போர்வைக்குள்ள. வெரலெல்லாம் மடங்கி மடங்கி நிமிருது. உறக்கத்துலன்னு மொதல்ல நெனச்சேன். நீங்க உறங்கல்ல."

அவன் எழுந்து முகம் கழுவப் போனான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாமிதாஸும் தங்கப்பனும் ஒரு சீப்பு செவ்வாழையோடு வீட்டுக்கு வந்தார்கள். மங்கலம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி ஓடுனத நீங்க கண்டிருக்கணும்" என்றான் தங்கப்பன் அவளைப் பார்த்து. "நாங்க ஓடுனா ரோடு அறியும், கேட்டோ. அண்ணாச்சி போனா ஒரு சத்தமும் கேக்காது. பின்னால போற எனக்கு என் மூச்சு மட்டும்தான் கேக்கும். தோளு ரெண்டும் அசையாது. ஆத்துல தோணி போற மாதிரி."

"சும்மா இரு தங்கப்பா" என்றான் பூதலிங்கம்.

சுவாமிதாஸ் சட்டைப் பையிலிருந்து தன் ஸ்டாப் வாட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எடே, நீ வீட்டுல இருக்காத. கிரவுண்டுக்கு வா. இவங்களுக்கு நேரம் பாத்துச் சொல்லு. உன் கண்ணு எனக்கு வேணும்."

அந்தச் சனிக்கிழமை அவன் போனான். முடிவுக்கோட்டின் அருகே நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் சொன்னான். ஓடுகிறவர்கள் பக்கத்தில் வரும்போது அவர்கள் உடம்பின் சூடு முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று. வியர்வையும் நசுங்கிய புல்லும் கலந்த அந்த மணம். பசித்துக் கிடக்கிறவனைப் பந்தியில் பரிமாற விட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவனுக்கு. வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன் அடுத்த வாரம் போகவில்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தான். ஆபீஸிலிருந்து வந்ததும் கொல்லைப்புறப் படியில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை உயர்த்தித் தாழ்த்தினான். முதல் நாள் ஆறு முறை. மாதக் கடைசியில் இருநூறு. இதை மங்கலம் துணி காயப்போட வந்தபோது ஒரு நாள் பார்த்துவிட்டாள். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்பம் ஓடப் போறீங்க?"

"தெரியாது."

"ஓடுனா என்னையும் கூட்டிட்டுப் போகணும். ஆம்பிள எதுக்கு வெறுமனே ஓடணும்னு மொதல்ல நெனச்சேன். தங்கப்பன் தோணின்னு சொன்ன பெறகு பாக்கணும்னு இருக்கு."

கார்த்திகை முதல் ஞாயிறன்று வெளிச்சம் வரும்போது இருவரும் சங்குமுகத்துக்கு நடந்தார்கள். மழை விட்டுக் கடல் தெளிந்திருந்தது. தூரத்தில் கரைவலை இழுக்கிறவர்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். பூதலிங்கம் வேட்டியையும் சட்டையையும் மடித்து மங்கலத்திடம் கொடுத்தான். நிக்கரோடும் பனியனோடும் அவள் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. கரையேற்றிப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தைக் காட்டி, "அது வரைக்கும் போயிட்டு வாறேன்" என்றான். ஒரு பர்லாங் இருக்கும்.

ஈர மணல் கெட்டியாக இருந்தது. முதல் ஐம்பது அடி உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தோள் தானாக இறங்கியது, மூச்சு தன் இடத்தைக் கண்டுபிடித்தது. ஐந்து மாதமாக வராத ஒரு சந்தோஷம் நெஞ்சில் பொங்கியது. 'வந்துட்டேன்' என்று நினைத்தான். பிறகு இடது கால் பின்தங்கியது. வலி இல்லை. வலி இருந்திருந்தால் அது ஆறும் என்று நம்பியிருப்பான். அந்தக் கால் ஊன்றியது, ஆனால் உடம்பை முன்னால் எறியவில்லை. ஒரு அடி முழுசு, ஒரு அடி பாதி. வேகத்தைக் கூட்டினான். நொண்டல்தான் கூடியது. கட்டுமரம் வரை விடாமல் ஓடினான். அதைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மணலில் தன் தடம் தெரிந்தது. வலது பாதத்தின் விரல்கள் ஆழமாகக் குத்தியிருந்தன. இடது பக்கம் வெறும் குதிகால் குழி. டாக்டர் மூன்று மொழியில் சொன்னது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

திரும்பி நடந்தே வந்தான். மங்கலம் வேட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நல்லாத்தானே ஓடுனீங்க."

"இது ஓட்டமில்ல மங்கலம்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் வேற பாத்ததில்லல்லா."

அவன் மணலில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவன் சொன்னான், "உனக்குப் பேசி முடிச்சது வேற ஆள. அந்த ஆளு ஆனி மாசத்துல அங்க, சாக்கையில, ரோட்டோரம் உக்காந்தாம் பாத்துக்க. எழும்பல்ல."

"அந்த ஆளை எனக்குப் பாக்கணும்னு இருக்கு" என்றாள் மங்கலம். "இப்பிடி இருக்கீங்களேன்னு கொறையாச் சொல்லல்ல. ஒரே ஒரு தடவ. ஊருல எல்லாரும் பாத்திருக்காங்க. தையக்காரரு பாத்திருக்காரு. நான் மட்டும் பாக்கல்ல."

தன்னைத் தவிர இன்னொருவரும் அவனுக்காக, அந்தப் பழைய பூதலிங்கத்துக்காக, ஏங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவள் கையிலிருந்த வேட்டியை வாங்க நீட்டிய கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். கரைவலைக்காரர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்கவில்லை.

மார்கழியில் ராஜ்யப் போட்டி வந்தது. சுவாமிதாஸ் இரண்டு பாஸ் அனுப்பியிருந்தார். பூதலிங்கம் அதை அலமாரியில் செருகி வைத்துவிட்டான். மங்கலம்தான் எடுத்து வந்தாள்.

"தங்கப்பன் உங்களப் பாத்துத்தானே ஓடப் படிச்சாரு? அவரு ஓடுனா கொஞ்சமாவது உங்கள மாதிரி இருக்கும்லா?"

"கொஞ்சம் இருக்கும்."

"அப்பம் போவோம்."

பாளையத்து ஸ்டேடியத்தில் நல்ல கூட்டம். வெயில் சாய்ந்த நேரத்தில் மூன்று மைல் ஓட்டத்துக்கு ஒன்பது பேர் கோட்டில் வந்து நின்றார்கள். பன்னிரண்டு சுற்று. துப்பாக்கி வெடித்ததும் மங்கலம் திடுக்கிட்டு அவன் முழங்கையைப் பிடித்தாள். மூன்றாவது சுற்றில் பூதலிங்கம் தன்னை அறியாமல் பேசத் தொடங்கினான்.

"இப்பம் ஒண்ணுமில்ல. ஒருத்தன் மூச்ச ஒருத்தன் கேட்டுக்கிட்டுப் போவான், அவ்வளவுதான். ஆறாவது சுத்துல நெஞ்சு எரியும். நிறுத்திரலாம்னு தோணும். எல்லாருக்கும் தோணும். மத்தவனுக்கும் தோணுதுன்னு தெரிஞ்சவன்தான் ஜெயிப்பான்."

"உங்களுக்கும் தோணுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

ஏழாவது சுற்றில் தங்கப்பன் மூன்றாவதாக இருந்தான். "இப்பம் நான் முன்னால போக எறங்கியிருப்பேன்" என்றான் பூதலிங்கம். "அவன் காத்துக்கிட்டு இருக்கான். எப்பவும் காப்பான்." ஒன்பதாவதில் தங்கப்பன் முன்னால் வந்தான். கூட்டம் எழுந்து கத்தியது. மங்கலம் மட்டும் கத்தவில்லை. குனிந்து அவன் காதருகே கேட்டாள்.

"இப்பம் நீங்க எங்க இருப்பீங்க?"

அவன் தங்கப்பனைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி அவனுக்கு முன்னால் வளைவைக் காட்டினான். "அங்க. இருபது கெஜம் முன்னால. உள்கோட்டை ஒட்டி."

அங்கே சுண்ணாம்புக் கோடும் புல்லும்தான் இருந்தன. மங்கலம் அந்த இடத்தைப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணை எடுக்கவில்லை. தங்கப்பன் வளைவுக்கு வந்தபோது அவள் பார்வை நேர்ப்பாதைக்குப் போயிருந்தது. அவன் நேர்ப்பாதையில் வந்தபோது அடுத்த வளைவுக்கு. ஒரே சீராக, அவசரமில்லாமல், ஆளில்லாத அந்த இருபது கெஜத்தை மைதானம் முழுக்க அவள் கண் கொண்டுபோயிற்று. பூதலிங்கம் ஓட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். அவள் கருவிழி நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வேகம் சரியாக இருந்தது. கொஞ்சமும் தப்பில்லை.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். அவன் முழங்கையில் அவள் பிடி இறுகியது. கூட்டத்தின் இரைச்சல் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே, நாடாவைத் தொட்டு நின்றன அவள் கண்கள். மங்கலம் நீளமாக மூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் தங்கப்பன் வந்து நாடாவை அறுத்தான்.

சற்று நேரம் கழித்துத் தோளில் துண்டோடு தங்கப்பன் அவர்களைத் தேடி வந்தான். டெல்லி போகப்போகிறவன் முகத்தில் இருக்க வேண்டிய சிரிப்பு முழுசாக இல்லை. "ஜெயிச்சேன் அண்ணாச்சி. ஆனா கடைசி மூணு சுத்து என்னமோ போல இருந்தது. முன்னால ஆளில்லாம ஓடி எனக்குப் பழக்கமில்ல."

மங்கலம் திரும்பிப் பூதலிங்கத்தைப் பார்த்தாள். அவன் தங்கப்பனின் தோளைத் தட்டி, "நல்லா ஓடுன. இன்னும் சீக்கிரமா எறங்கணும். டெல்லியில காத்துக்கிட்டு இருக்காத" என்றான்.

பேட்டைக்கு இருவரும் நடந்தே போனார்கள். பஸ் கிடைத்திருக்கும். மங்கலம்தான் வேண்டாம் என்றாள். இருட்டத் தொடங்கியிருந்தது.

"அந்தக் கடைசிச் சுத்துல எப்பிடி இருக்கும்? சொல்லுங்க" என்றாள்.

அவன் சொன்னான். கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போவதைச் சொன்னான். காதுக்குள் காற்று வேறு சத்தம் போடுவதை, கூட்டம் கத்துவது தண்ணீருக்கடியில் கேட்பது போல் கேட்பதை, நாடா நெஞ்சில் படுவதற்கு முன் வருகிற அந்த ஒரு நொடியை. இதையெல்லாம் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் நடுநடுவே நின்று கேட்டாள், திரும்பவும் சொல்லச் சொன்னாள். வீடு வந்து, கதவைத் திறந்து, விளக்கை ஏற்றிய பிறகும் அவன் சொல்லி முடிக்கவில்லை.