ஆறு அங்குலம்

ஊதாமலையில் ஜீப்பை எத்தனை அங்குலம் உயர்த்துகிறார்களோ, அத்தனை அங்குலத்தை ஓட்டுநரின் வீட்டிலிருந்து ஒருவர் தர வேண்டும். ஓட்டுநர் தன் உயரத்தைத் தர முடியாது. கால் கிளட்சுக்கு எட்டாமல் போய்விடும். அதனால் பெரும்பாலும் மனைவிகள்தான் தந்தார்கள்.

ஒச்சப்பன் அந்த மலையில் பதினெட்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறவன். மழைக்கு மழை பாதையில் பாறை மேலெழுந்து, இந்த வருடம் வண்டியின் அடிவயிற்றில் இடிக்க ஆரம்பித்திருந்தது. போன மாதம் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, பாதி வழியில் வண்டி பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. குழந்தை அங்கேயே பிறந்தது, அழவில்லை. அதன் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் மனைவி சிட்டம்மாதான் சொன்னாள்: "ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம். என்ன வேணுமோ எங்கிட்ட எடுத்துக்கிடட்டும்."

அவள் அவனைவிட மூன்று விரற்கடை உயரம். கல்யாணத்தன்று ஊர் சிரித்தபோதும் நிமிர்ந்தே நின்றவள்.

மெக்கானிக் காசிலிங்கம் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "ரெண்டு அங்குலம்னா ஸ்பிரிங்குல கட்டை வச்சாப் போதும். நாலுன்னா ஸ்பிரிங் பட்டையவே மாத்தணும். ஆறுன்னா ஷாக் அப்சார்பரும் நீளமாப் போடணும். வளைவுல வண்டி கொஞ்சம் ஆடும்."

"ஒங்க யோசனை என்னண்ணே?"

"இந்தப் பாறைக்கு நாலு தாராளம்." கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மாயழகு ஆறு போட்டுட்டான். டூரிஸ்ட்டெல்லாம் அவன் வண்டியத்தான் கை காட்டுறாங்க."

சிட்டம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாலு என்று அவளிடம் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பினான். படிவத்தில் அளவு எழுதும் கட்டத்தின்மேல் அவன் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஆறு என்று எழுதினான்.

சாயங்காலம் வண்டி தயாரானது. சிட்டம்மா சேலையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். படி எட்டவில்லை. இன்னொரு முறை தூக்கினாள். அப்புறம் அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"நாலுன்னீங்க."

"அவசரத்துக்குப் பிரசவக் கேசு எதுவும் வந்தா..."

"அதுக்கு நாலு தாராளம்னு அவரு சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

வீட்டுக்கு நடந்தே போனாள். மறுநாள் அவள் கேட்காமலே அடுப்படிப் பலகையைக் கீழே இறக்கி அடித்தான். அவள் பாத்திரங்களைத் தரையிலேயே கவிழ்த்து வைத்தாள்.

மூன்று வாரம் டூரிஸ்ட்டுகள் ஒச்சப்பனின் வண்டியைக் கை காட்டினார்கள். நாலாவது வாரம் மலைக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது, அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே நேராக. அவரவர் காரிலேயே மேலே வந்தார்கள். சிட்டம்மாவின் உயரத்தைத் திருப்பிக் கேட்க அவன் காசிலிங்கத்திடம் ஓடினான்.

"ஸ்பிரிங்குல ஏறினது ஏறினதுதான்பா" என்றார் அவர்.

வந்து சொன்னான். சிட்டம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நல்லதாப் போச்சு. இனி குனிஞ்சு கூட்ட வேண்டியதில்ல" என்றாள்.

மறுநாள் காலை சாலை மேற்பார்வையாளர் ஆட்களோடு வந்தார். சாலையை நேராக்கியதில் பதினோரு வளைவுகள் மிச்சமாகிவிட்டன, எங்காவது வைத்தாக வேண்டும், இந்த வீட்டுக்கு ஒன்று என்றார். எட்டுப் பேர் அதைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நின்றார்கள்.

"எங்கேம்மா வைக்க?"

சிட்டம்மா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"படுக்கிற எடத்துல, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல" என்றாள்.

ஒச்சப்பன் பாயைச் சுருட்டி வழிவிட்டான்.