முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு

அந்தக் காருக்கு வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். வைத்தது அதை வாங்கியவரின் மனைவி. வந்த நாளிலிருந்து ஒரு வேலை செய்ததில்லை. எந்நேரமும் நிழலில் உட்கார்ந்திருக்கிறது. குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும், துவட்டத் தனித் துண்டு வேண்டும், ராத்திரியானால் போர்த்திவிட வேண்டும். பக்கத்தில் யாரும் பந்து விளையாடக் கூடாது. இத்தனையும் செய்தாலும் முகத்தில் ஒரு திருப்தி கிடையாது. "இதுக்கு வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க?" என்றாள்.

பார்வைக்கு நாலு கதவு வைத்த குடும்ப வண்டி, உள்ளுக்குள் பந்தய வண்டி. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகும் என்று அதனுடன் வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. வேறொருவர் ஓட்டி அலுத்த பிறகு அதை வாங்கியவர், அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் கூடுதல் இயக்குநர். அந்தக் கம்பெனியில் சம்பளத்தை உயர்த்த முடியாத வருஷங்களில் பதவியை உயர்த்துவார்கள். வரிசையாகச் சில மோசமான வருஷங்கள் வந்துபோனதில், அந்த மாடியில் இயக்குநர் ஆகாதவர் என்று பார்த்தால் காபி கொண்டுவருபவர் ஒருவர்தான் மிச்சம். அவரும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் என்றால் கார் வேண்டும் அல்லவா? வாங்கினார். அலுவலகத்துக்குப் பஸ்ஸில்தான் போனார். அங்கே நிறுத்துமிடத்தில் நிழல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மாப்பிள்ளையை வெளியே எடுத்து, பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து போர்த்திவிடுவார். அப்படிச் சுற்றும்போது கீழே தடக் தடக் என்று ஒரு சத்தம் கேட்கும். சாலை சரியில்லை என்று நகராட்சிக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

மகளுக்கு வெளியூரில் மண்ணைப் பற்றிய படிப்பில் இடம் கிடைத்தது. மண் எதற்கு, நிர்வாகம் படி என்று அவர் ஒரு மாலை முழுக்கப் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மண்ணுக்கே விண்ணப்பித்தாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது நடந்திருக்கும். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் "சாப்டியா", "சாப்டேன்" என்ற இரண்டு சொற்கள்தான் போக்குவரத்து.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவளே வந்து கேட்டாள்.

"அப்பா, பஸ் வேணாம். மாப்பிள்ளைல நீயே கொண்டுவந்து விடேன். நாலு மணி நேரமாம். பேசிட்டே போலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்கலாம்மா. மீட்டிங் எதுவும் இல்லன்னா" என்றார். சனிக்கிழமை மீட்டிங் எதுவும் இருக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மனைவி உள்ளேயிருந்து, "நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போங்க. ஒரே வண்டில அவ்ளோ நேரம் உக்காந்தா வாயைத் தொறந்துதான ஆகணும்" என்றாள். அவர் படுத்த பிறகும் விழித்திருந்து, வழியில் கேட்பதற்காக மண்ணைப் பற்றி இரண்டு கேள்விகள் தயாரித்தார்.

சனிக்கிழமை. விடுதி அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமானால் மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும். "காத்து மட்டும் பாத்துட்டு வந்துடறேன். பெட்டியெல்லாம் வாசல்ல வை" என்று மகளிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

காற்று பிடிக்கிற இடம் தெருமுனையிலேயே இருந்தது. ஆனால் அங்கே ஸ்கூட்டர்களும் நின்றன. மாப்பிள்ளையை அங்கே நிறுத்த மனம் வராமல் பெரிய சாலையில் இருந்த 'டயர் அனுபவ மையம்' வரைக்கும் போனார்.

கண்ணாடிக் கதவு, வெள்ளை சோபா, காபி இயந்திரம், எங்கிருந்தோ மல்லிகை வாசம். டயர் வாசம் வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். டை கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். சட்டையில் 'முதுநிலை டயர் ஆலோசகர்' என்று பட்டை குத்தியிருந்தது. இருவரும் ஒருவர் பதவியை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள்.

"காத்து மட்டும்..." என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"தாராளமா சார். கையோட ஒரு முழு பரிசோதனையும் பண்ணிடலாமே? சும்மா கேக்கறேன். இந்த மாதிரி வண்டி வச்சிருக்கறவங்க யாரும் வெறும் காத்துக்குன்னு வர மாட்டாங்க."

அதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? "அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

அவர் காபியில் சர்க்கரை கலக்கி முடிப்பதற்குள் மாப்பிள்ளை அந்தரத்தில் தொங்கியது. நாலு சக்கரங்களும் கழன்று, டயர்கள் தனியே உரிந்து, சுவரோரம் சாய்ந்து கிடந்தன. மேலே வண்டி, பட்டுவேட்டியை யாரோ உருவிக்கொண்டு போன மாதிரி நின்றது.

ஆலோசகர் குனிந்து ஒரு டயரைத் தடவினார். பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றார்.

"ஏன்? பட்டன் எல்லாம் புதுசா இருக்கே. தேயவே இல்ல பாருங்க."

"தேயல. வயசாயிடுச்சு. பக்கவாட்டுல பாருங்க, செஞ்ச வாரமும் வருஷமும் அடிச்சிருக்கு. ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கு. ஒரே எடத்துல நின்னு நின்னு அடிப்பக்கம் தட்டையாயிடுச்சு. ஓட்டறப்ப தடக் தடக்னு கேக்குமே?"

இயக்குநர் நகராட்சியை நினைத்துக்கொண்டார். "கேட்ட மாதிரி ஞாபகம் இல்ல" என்றார்.

"ஓட்டியிருந்தா இப்படி ஆகியிருக்காது சார்."

"சரி, பரவால்ல. இப்போதைக்கு அதையே மாட்டுங்க. ஒரு அவசரப் பயணம் இருக்கு. திங்கக்கிழமை வந்து மாத்திக்கறேன்."

ஆலோசகர் சுவரைக் காட்டினார். சட்டம் போட்ட பலகை. பாதுகாப்பற்றது எனக் கண்டறியப்பட்ட டயர் எக்காரணம் கொண்டும் மீண்டும் பொருத்தப்பட மாட்டாது.

"என் டயர். என் வண்டி. நான் சொல்றேன்."

"உங்க உயிர்கூட உங்களுதுதான் சார். ஆனா எங்க பேரு எங்களுது."

"அப்ப வண்டியையாவது கீழ எறக்குங்க."

"எறக்கலாம். எது மேல எறக்கறது?"

நியாயமான கேள்வி. இயக்குநர் சோபாவில் உட்கார்ந்தார். ஆலோசகர் ஒரு கணினிப் பலகையை எடுத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

"முதல்ல உங்க ஓட்டும் பாணியைத் தெரிஞ்சுக்கணும். வளைவுல திரும்பறப்ப நீங்க என்ன உணர்றீங்க?"

அவர் வாழ்க்கையில் வளைவு என்பது பூங்காவின் நாலு மூலைகள். "கட்டுப்பாடு" என்றார்.

"அருமை. ஈரமான சாலையில, அதிவேகத்துல?"

"அப்பவும் கட்டுப்பாடுதான்."

ஆலோசகர் மெச்சுதலோடு குறித்துக்கொண்டு விளக்கினார். இந்த வண்டிக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர் என்பதால் கம்பெனிக்காரன் அந்த இடத்தை மிச்சம் பிடித்துவிட்டான். அந்த ரகம், கம்பெனி முத்திரை குத்தியது, வெளியிலிருந்து வர வேண்டும். வேகத்துக்கென்று இன்னொரு ரகம் உண்டு, அதுவும் வர வேண்டும். "இப்ப கைவசம் நாலும் இருக்கறது சாதா ரகம்தான் சார். சத்தம் போடாது, குலுங்காது. உடனே மாட்டி அனுப்பிடுவேன். பஞ்சர் ஒட்டற டப்பா ஒண்ணு டிக்கியில போட்டுக்கணும், அவ்ளோதான். ஆனா..."

"ஆனா?"

"உங்க பாணிக்கு அது கொஞ்சம் கம்மிதான்."

அங்கேயே சரி என்றிருந்தால் கதை இல்லை. அந்த ரக வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு இருந்தது. பெயர் 'வேகப் பெருமக்கள்'. அவர்களைக் கேட்காமல் அவர் வண்டிக்கு வாசனை அட்டைகூட வாங்கியதில்லை. தொங்குகிற வண்டியைப் படம் எடுத்துப் போட்டு, சாதா டயர் போடலாமா என்று கேட்டார்.

குழுவில் இருந்த ஒரு பல் டாக்டர்தான் முதலில் பதில் போட்டார். "அது வாடகைக் காருக்குப் போடற டயர். போட்டா நாங்க உங்களை வாடகைக்குக் கூப்பிடுவோம்" என்று எழுதி, சிரிக்கிற முகங்கள் ஒரு வரிசை போட்டார். மார்பிள் கடைக்காரர், முத்திரை இல்லாத டயரை வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துக் கோபித்துக்கொள்ளும் என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று ஒருவர் எழுத, உங்களுக்கு என்ன தெரியும் என்று இன்னொருவர் எழுத, சண்டை மூண்டது. யாரோ ஒருவர் நடுவில் எல்லோருக்கும் இனிய காலை வணக்கம் சொன்னார்.

மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, காத்தை எங்கிருந்து கொண்டு வராங்க? பொண்ணு வாசல்லயே நிக்கறா."

"பெரிய ரோட்டு டயர் அனுபவ மையத்துல இருக்கேன். ஒரு சின்ன தொழில்நுட்ப முடிவு. இதோ வந்துடறேன்."

அந்த நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே அதே ரக வண்டி ஒன்று வந்து நின்றது. சேறு, கதவில் ஒரு நசுங்கல், பின்சீட்டில் இரண்டு குழந்தைகளும் ஒரு நாயும். ஒரு அம்மா இறங்கி வந்தார். "பின்னால ரெண்டு மாத்தணும். எது இருக்கோ அதைப் போடுங்க, பாப்பாவுக்கு நீச்சல் வகுப்பு இருக்கு" என்றார். அவரிடம் யாரும் வளைவைப் பற்றிக் கேட்கவில்லை. இயக்குநர் அந்த நசுங்கலைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். பல் டாக்டர் கண்ணீர்த் துளிகள் அனுப்பினார். எல்லோரும் ஒற்றுமையாகிவிட்டார்கள். அந்த அம்மா நீச்சலுக்குப் போய்விட்டார்.

குழு கடைசியில் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: வண்டியையே மாற்றிவிடுவது நல்லது. அப்போதுதான் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் குரலைத் தாழ்த்தி, "அந்த சாதா ரகத்தையே போட்டுடுங்க" என்றார்.

ஆலோசகர் கணினிப் பலகையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"முன்னால போடறது ரெண்டு இருக்கு சார். பின்னால போடறதை இப்பத்தான அந்த மேடம்..."

"இருக்கற முன்டயரையே பின்னாலயும்..."

"அது அளவே வேற சார். சொன்னேனே."

"சொன்னீங்க."

"திங்கக்கிழமை வந்துடும்."

அவர் வீட்டுக்கு ஃபோன் செய்யவில்லை. வீடே அவரைத் தேடி வந்தது. வாசலில் ரொட்டிக்கடை வேன் ஒன்று நின்றது. மனைவியின் தம்பி அந்தக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவன். காலை விநியோகத்தை முடித்துவிட்டு அக்கா கூப்பிட்டதால் வந்திருக்கிறான். பக்கத்து சீட்டில் மகள். மடியில் ஒரு பை, கால் வைக்கிற இடத்தில் ஒரு பெட்டி.

மைத்துனன் இறங்கி வந்து மேலே பார்த்தான். "என்ன அத்தான், மாப்பிள்ளை அந்தரத்துல மொறைச்சுக்கிட்டு நிக்கறாரு? மறுபடியும் ஏதாவது கேக்கறாரா?"

"இது கொஞ்சம் சிக்கலான விஷயம். முன்னால ஒரு அளவு, பின்னால..."

"அதை விடுங்க. நேரம் போச்சு. மருமகளை நான் கொண்டுபோய் விட்டுடறேன். நீங்களும் வாங்க. முன்னால ரெண்டு பேருதான், ஆனா பின்னால காலி ட்ரே நிறைய இருக்கு. ஒண்ணைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கலாம். நடுவுல சின்ன ஜன்னல் இருக்கு, பேசிட்டே வரலாம்."

மகள் கண்ணாடியை இறக்கியிருந்தாள். "வாப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இயக்குநரின் கால் ஒரு அடி முன்னே போனது. போனது உண்மை. அப்போது பின்னாலிருந்து ஆலோசகர், "சார், இன்னொரு காபி?" என்று கேட்டார். இவர் திரும்பினார். வெள்ளை சோபா, டை, கையில் கோப்பை. முதுநிலை டயர் ஆலோசகர் பார்த்துக்கொண்டிருக்க, வளைவுகளில் கட்டுப்பாட்டை உணரும் ஒருவர் ரொட்டி ட்ரே மேல் எப்படி ஏறுவார்?

"நீங்க கிளம்புங்க" என்றார். "இங்க வேலை முடியற கட்டம்தான். நான் பின்னாலயே வந்து பிடிச்சிடுவேன். என் வண்டி வேகத்துக்கு, பாதி வழியிலயே உங்களைத் தாண்டிடுவேன்."

மைத்துனன் சக்கரமில்லாத வண்டியை ஒருமுறை பார்த்தான். வாயைத் திறந்தான். மகள் அவனை ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"சரிப்பா" என்றாள் மகள். "சாப்டியா?"

"காபி சாப்டேன்."

வேன் போய்விட்டது. அது போன பிறகும் அந்த இடத்தில் ரொட்டி வாசம் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் கருவி அதையும் இழுத்துக்கொண்டது.

அவர் சோபாவில் உட்கார்ந்தார். பஸ் நிலையத்துக்கு ஓடலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் போய் இறங்கினால் கார் எங்கே என்று கேட்பாளே என்றும் தோன்றியது. ஆலோசகர், தலைமையகத்தில் சொல்லி ஞாயிற்றுக்கிழமையே வரவழைக்க முயற்சி செய்வதாகச் சொன்னார். அவர் குரலிலும் தெம்பில்லை. அடுத்த வண்டிக்காரர் ஒருவர் வண்டி தூக்கும் லிஃப்ட் எப்போது காலியாகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபோன் அடித்தது. மகள்.

"அப்பா, எங்க வந்துட்டிருக்க?"

"இதோ. ஊரைத் தாண்டிட்டேன்."

"அப்படியா? நாங்க அந்தப் பெரிய பாலத்துக்கிட்ட இருக்கோம்."

"நானும் பக்கத்துலதான்."

உள்ளே யாரோ வேறொரு வண்டியின் சக்கரத்தை முடுக்கினார்கள். திருகும் கருவி கிர்ர்ரென்று கத்தியது.

"என்னப்பா சத்தம்?"

"லாரி. தாண்டறேன்."

அந்தப் பக்கம் வேன் இரைந்துகொண்டிருந்தது. மாமன் ஏதோ சொல்ல, அவள் சும்மா இருங்க மாமா என்றது மெல்லியதாகக் கேட்டது.

"மெதுவா வாப்பா. அவசரமில்ல" என்றாள். "லைன்லயே இரு. பேசிட்டே போலாம்."

அவர் எழுந்து காபி இயந்திரத்துக்குப் பின்னால், சத்தம் குறைவாக இருந்த மூலைக்குப் போனார். சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தயாரித்து வைத்திருந்த கேள்விகளில் முதலாவது ஞாபகம் வரவில்லை. இரண்டாவதைக் கேட்டார்.

"ஏம்மா, இந்த மண்ணுல களிமண், செம்மண்ணு எல்லாம் எப்படி..."

"அதுவாப்பா," என்று அவள் உற்சாகமாக ஆரம்பித்தாள். பாலத்தைத் தாண்டியிருப்பார்கள் போலிருக்கிறது. குரல் விட்டுவிட்டு வந்தது. செம்மண் என்ற வரைக்கும் கேட்டது. அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லைன் எப்போது அறுந்தது என்று அவருக்குத் தெரியாது.

"சார்," என்றார் ஆலோசகர் பின்னாலிருந்து, "முன்னால போடற ரெண்டையாவது மாட்டிடட்டுமா?"

அவர் திரும்பாமல் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ம்" என்றார் ஃபோனில். "சொல்லும்மா."