மூன்று வரியும் சாத்திய கதவுகளும்

திரைச்சீலை தைப்பவளுக்கு அன்று பன்னிரண்டு மணி வரைதான் கெடு. நாற்பத்திரண்டு ஜன்னல் கொண்ட புது ஹோட்டலின் மேலாளர் துணி பார்க்க அவளுடைய இணையதளத்துக்குப் போனால், "இது பாதுகாப்பற்றது" என்று பிரவுசர் வாசலிலேயே மறித்துவிட்டது. பன்னிரண்டுக்கு மறுபடி பார்ப்பாராம். அப்போதும் இதே கதையென்றால் வேறு கடை.

குற்றவாளி யாரென்று கேட்கவும் வேண்டுமா? தாலி கட்டினவர்தான். தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன் என்று மீசையை முறுக்கியவர், சுத்தமாக மறந்துவிட்டு எங்கோ திரைக்கம்பி மாட்டப் போயிருந்தார். அவர் சர்வருக்கு எழுதிவைத்த எண்பது வரிக் கட்டளை அவருக்கே விளங்காது.

அவள் விடிந்ததுமே புது சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தளத்தை அங்கே மாற்றி, சான்றிதழைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும் மென்பொருளைப் போட்டிருந்தாள். அதற்கு எழுத வேண்டியது மூன்றே வரி.

அளவுநாடா கேட்டு வந்த நாத்தனார், நாடா கைக்கு வந்த பிறகும் நகரவில்லை.

"மூணு வரிதானா அண்ணி? எங்கண்ணன் எண்பது எழுதுச்சே."

"உங்கண்ணன் எதத்தான் சுருக்கமா சொல்லியிருக்காரு?"

அவள் மென்பொருளை ஓட்டிப் பார்த்தாள். தோல்வி. மறுபடியும் அதே. நான்காவது முறையும் தோல்வி. ஐந்தும் போனால் சான்றிதழ் தருகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். மணியோ பதினொன்று இருபது.

"இது உங்க தளம்தான்னு அவங்க எப்படி நம்புவாங்க?"

"நம்ம சர்வர் கதவத் தட்டுவாங்க. உள்ள இருந்து பதில் வந்தா குடுப்பாங்க."

"எந்தக் கதவ? பத்திரமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் சாத்திட்டேன்னு காலைல ஃபோன்ல பெருமையடிச்சீங்களே."

அவள் அப்படியே திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். அடுத்த வீட்டு விவகாரமெல்லாம் தேதிவாரியாக ஏறிக்கிடக்கும் அந்தத் தலை, இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்தது. சர்வருக்குக் காவலாக நிற்கும் ஃபயர்வாலில், இணையதளங்களுக்கென்றே உள்ள எண்பதாம் எண் கதவையும் நானூற்று நாற்பத்து மூன்றாம் எண் கதவையும் திறந்துவிட்டு, ஐந்தாவது முறை ஓட்டினாள்.

எட்டு நொடி. சான்றிதழ் வந்து உட்கார்ந்தது.

நாத்தனார் தன் கைபேசியில் தளத்தைப் பத்து முறை திறந்து பார்த்தாள். பத்து முறையும் எச்சரிக்கை இல்லை. பன்னிரண்டு ஐந்துக்கு ஆர்டர் விழுந்தது: நாற்பத்திரண்டு ஜன்னல், சாம்பல் நிறம்.

விஷயம் தெரிந்து கணவர் கூப்பிட்டார். "சரி, மூணு மாசம் கழிச்சு நான் புதுப்பிச்சிடறேன்."

"வேணாங்க, அது தானே புதுப்பிச்சுக்கும். நீங்க கம்பிய மட்டும் கோணாம மாட்டுங்க."